வரதனுக்கான வேண்டுதல்

சதுரங்கப்பட்டினத்துப் பிலோமினாவுக்கு ஓரிடத்தில் சும்மா உட்காருவது என்றாலே ஆகாது. அந்தத் தவக்காலத்தில் சாமியார் அதையே கேட்டுவிட்டார். தினமும் மாதா கோயிலில் கொஞ்ச நேரம் அசையாமல் இருக்க வேண்டும். பிறருக்காக மட்டுமே வேண்ட வேண்டும். சொந்த வீட்டுக்காக ஒரு வார்த்தை கூடாது. அவளும் வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தாள்.

அன்று மாலை பேய்க்காற்று அடித்தது. கணவன் ராயப்பன் போன கட்டுமரம் இன்னும் திரும்பவில்லை. கோயிலில் முழங்காலிட்டவளுக்கு உடம்பெல்லாம் உதறியது. அவனுக்காக வேண்ட வழியில்லையே!

அப்போதுதான் நினைவு வந்தது, அதே மரத்தில் வரதனும் போயிருக்கிறான். ராயப்பனுக்குச் சாராயக்கடை வாசலைப் பழக்கிவிட்ட படுபாவி! பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆண்டவரே, வரதனைக் கரை சேர்த்துவிடும்" என்று ஆரம்பித்தாள். அவன் பொண்டாட்டி பொன்னி, அவள் வயிற்றுப் பிள்ளை என்று வேண்டிக்கொண்டே போனதில், உதறல் எப்போது நின்றதென்று அவளுக்கே தெரியவில்லை.

வெளியே கூச்சல் கேட்டு ஓடினாள். கட்டுமரம் கரையேறியிருந்தது. வரதன் முழுசாக நிற்பதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

"இன்னாமே," என்றான் பக்கத்தில் சொட்டச் சொட்ட நின்ற ராயப்பன். "கட்ன புருசன் நான் இங்க கீறேன். நீ இன்னாடான்னா அவன் மூஞ்சியப் பாத்துகினு கீற?"