கல் பலாவில் ஒரு கோடு

ஹெயார் டிரையரால் பத்து நிமிஷம் அடித்த பிறகும் அந்தக் கோடு மட்டும் காயவில்லை. கல்லின் மற்ற இடமெல்லாம் வெளுத்துவிட்டது. கோடு மட்டும் கறுப்பாகக் காம்பிலிருந்து இறங்கி, சரியாகப் பிள்ளைகள் உட்காரும் இடத்துக்கு மேலே போய் நின்றது. துவாயால் துடைத்தேன். திரும்பவும் ஈரம் ஊறி வந்தது.

நாளைத் திறப்பு விழாவுக்கு ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்த றம்ஸீன் நானா ஏணியிலிருந்து பார்த்தார்.

“என்ன லோஜனா, பலாப்பழத்துக்குத் தல காய வைக்கிறீங்களா?”

“மழை பெஞ்சிச்சில்ல நானா. அதான்.”

“மண்டபத்துக் கூரையும் நனஞ்சிதான் கெடக்கு. அதையும் ஒரு கை பாருங்க.”

சிரித்துவைத்தேன். திரும்பும்போது டிரையர் கல்லில் மோதி அதன் மூக்கு உடைந்தது. அது அக்காவுடையது. இன்றைக்கு அது பெரிய விஷயமில்லை.

என் அப்பா விஜேந்திரன் கல் கொத்துகிறவர். எங்கள் ஊர் வஹகோட்டைக்குக் கிட்ட. பிள்ளைகள் பூங்காவில் பெரிய கல் சிற்பம் ஒன்று வைப்பதென்று ஊர்க் கமிட்டி முடிவெடுத்தது. என்ன சிற்பம் என்று மூன்று மாதம் சண்டை. யானை என்றார்கள். லக்கலயில் பெண் எடுத்த ஜெயக்காந்தன் மாமா, மாமனார் வீட்டுச் சுவரை யானை இரண்டு தடவை தள்ளிவிட்டது, இனி காசு கொடுத்து அதைக் கல்லிலும் செய்ய வேண்டுமா என்று கேட்டார். மாதா என்றார்கள், முருகன் என்றார்கள். தலைவர் றஹீம் ஹாஜியார் முகம் உள்ள எதுவுமே வேண்டாம் என்றார். கடைசியில் பலாப்பழம்.

“அதுக்கு முகமும் இல்ல, மதமும் இல்ல,” என்றார் ஹாஜியார். எல்லோரும் கை தூக்கினார்கள்.

ஒன்பது அடி உயரம். ஒரு பக்கம் பிளந்து, உள்ளே குடைந்து, ஐந்து சுளைகள். சுளைகள்தான் ஆசனம். மேல்பாதி கூரை மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். நாளைக் காலையில் முனவ்வரா டீச்சரின் நர்சரிப் பிள்ளைகள் ஐந்து பேர் அதற்குள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்.

இனிச் சொல்லப் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கல் வந்தால் அப்பா முதல்நாள் இரவு அதன்மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார். விடியும்போது கல் காய ஆரம்பிக்கும். உள்ளே வெடிப்பு இருந்தால் அந்த இடம் மட்டும் காயாமல் கோடாகத் தெரியும். கோடு தெரிந்தால் கல் திரும்பிப் போய்விடும். அதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், வெயில் ஏறினால் ஒன்றும் தெரியாது.

அப்பாவின் கண்ணில் இரண்டு வருஷமாக வெள்ளை படர்ந்திருக்கிறது. முட்களையெல்லாம் விரலால் தடவித் தடவித்தான் கொத்தினார். ஊருக்குத் தெரிந்தால் வேலை வராது. அதனால் கல் பார்ப்பது நான்.

பலாக் கல் வந்த இரவு இரண்டு மணி வரைக்கும் கூட்டாளி ஸஹ்னாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒரு பிரச்சினை. அது என்ன பிரச்சினை என்று இப்போது ஞாபகமில்லை. நான் எழும்பும்போது எட்டரை. கல் முழுக்க ஒரே வெள்ளை. மறுபடி தண்ணீர் ஊற்றி ஒருநாள் காத்திருந்திருக்கலாம். இருபது வாளி தூக்க வேண்டும். டியூசன் பஸ் வேறு வரப்போகிறது.

“கோடு இருக்கா புள்ள?” என்றார் அப்பா.

“ஒண்ணுமில்லப்பா,” என்றேன்.

அதோடு கல்லின்மேல் தகரக் கொட்டகை போட்டார்கள், பிறகு ஒரு சொட்டு மழை அதில் படவில்லை. இன்று மத்தியானம்தான் பிரித்தார்கள். சாயந்திரம் மழை.

இரவு சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

“அப்பா, அந்தக் கூரை தாங்குமா?”

“ஹாஜியாரு உன்கிட்டயும் கூரை விழும்னு ஓதிட்டாரா? அந்தாளுக்கு வீட்டுக் கூரையிலயே நம்பிக்கை இல்ல.” ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டார். “ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லிறாத. சுத்தியலால தட்டுனப்ப காம்புப் பக்கம் சத்தம் கணீர்னு வரல. சளி புடிச்ச மாதிரி இருந்துச்சு. வேற யாராச்சும் பாத்திருந்தா அந்தக் கல்லையே திருப்பி அனுப்பிருப்பேன். நீ பாத்துட்டுக் கோடு இல்லன்ன. அதுக்கு மேல என்ன?”

எனக்கு ரொட்டி போதும் என்றேன்.

படுத்துக்கொண்டு ஐந்து பிள்ளைகளின் பெயர்களையும் நினைத்துப் பார்த்தேன். நாலு பேரை எனக்குத் தெரியும். ஐந்தாவது பிள்ளையின் பெயர் தெரியாதது ஏனோ இன்னும் பயமாக இருந்தது. பதினொரு மணிக்குப் போய் அப்பாவின் தோளைத் தொட்டேன்.

“கல்லுல கோடு இருக்குப்பா.”

அவர் எழும்பி உட்கார்ந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். சாரத்தை இறுக்கிக் கட்டினார்.

“எம்புட்டு நீளம்?”

“காம்புலருந்து புள்ளைங்க தலைக்கு மேல வரைக்கும்.”

“ஹாஜியாருக்குப் போன்ல ஒரு கோல் எடு. விடிஞ்சா ஒரு புள்ளையும் கிட்டப் போகக்கூடாது. கூரைய நானே வெட்டி எறக்குறேன்.”

நம்பரை அழுத்திக் கொடுத்தேன். போனைக் காதில் வைத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. அப்பா நான் நின்ற பக்கமாக முகத்தைத் திருப்பினார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“ஏன் புள்ள, அன்னைக்கு நீ பாத்தப்ப இந்தக் கோடு எங்க இருந்துச்சு?”