ஆனி இருபத்தேழு

எல்லாம் சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது. சத்தியநேசன் அன்றைக்குப் போட்டிருந்தது கோடு போட்ட சட்டையா கட்டம் போட்டதா, கையில் கட்டுப் போட்ட ஒரு பெண் அவனிடம் பேசியது மில் வாசலிலா சைக்கிள் ஸ்டாண்டிலா என்பதெல்லாம் மங்கிவிட்டது. தேதி மட்டும் தப்பாது. தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஜூலை முப்பத்தொன்று, ஆடி பதினைந்து, வெள்ளிக்கிழமை.

சத்தியநேசன் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். மடவார் வளாகத்தில் வாடகை வீடு. சென்னையிலிருந்த ஒரு சாப்ட்வேர் கம்பெனிக்காக இந்தப் பக்கத்து மில்களில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்து வந்தான். மூன்று வருஷமாகியும் வேலை நிரந்தரமாகவில்லை. அன்று காலை ராஜபாளையத்திலிருந்து சோழபுரம் போகிற வழியிலுள்ள நூல் மில்லிலிருந்து போன். லேப்டாப் சென்னை சர்வரோடு சேர மாட்டேன் என்கிறதாம். பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு.

வாசல் வேப்பமர நிழலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் மணிக்கட்டு வரை கட்டு.

"தம்பி, கம்ப்யூட்டர் பாக்கவா வந்திருக்கிய?"

"ஆமாக்கா."

"செத்த சீக்கிரம் பாருங்க. அது சரியானாத்தான் என் பேரு மெட்ராசுக்குப் போகுமாம். பொறவுதான் ஆஸ்பத்திரிச் செலவு குடுப்பாகளாம். மேனேஜர் அய்யா சொன்னாக."

பெயர் ஏசம்மாள், செட்டியார்பட்டி. பத்து நாளைக்கு முன், இருபத்தொன்றாம் தேதி, பஞ்சைச் சிக்கெடுக்கும் மெஷினில் மூன்று விரல்கள் போய்விட்டன. "கர்த்தர் உங்க கைக்குப் பலன் தரட்டும் தம்பி" என்றாள். அவன் அவளுடைய கையைப் பார்க்காமல் உள்ளே போனான்.

மேனேஜர் முத்துராமலிங்கம் சிரித்துக்கொண்டே வரவேற்றார். "வாரும் டாக்டரே. நோயாளி பேச்சு மூச்சில்லாம கெடக்கு."

லேப்டாப்புக்கு முன்னால் மெகராஜ் பேகம் உட்கார்ந்திருந்தாள். மில்லின் கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவள் பொறுப்பு. அவள் எழுந்து இடம் விட்டாள்.

மாதக் கடைசியில் ஆட்களின் வருகைப் பதிவை அந்த லேப்டாப் போன் வழியாகச் சென்னையில் அவன் கம்பெனி சர்வருக்கு அனுப்பும். அங்கே ஏறியதை யாரும் திருத்த முடியாது. நூல் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் போட்ட நிபந்தனை. கடைசி நாள் ஆறு மணிக்குள் போகாவிட்டால், ஆட்கள் தினமும் கையெழுத்துப் போடுகிற ரெஜிஸ்டரையே சென்னைக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

சத்தியநேசன் போனை எடுத்துக் காதில் வைத்தான். இரைச்சல் இல்லை. லேப்டாப்பைப் போனோடு இணைக்கிற மோடத்துக்கு வேறு ஒயர் மாற்றினான். மேனேஜர் அறைக்குப் போகும் இன்னொரு போனைக் கழற்றி வைத்தான். டயல் செய்தான். மோடம் கீச்சிட்டது, கரகரத்தது, சென்னை எடுத்தது, பாஸ்வேர்டையும் ஒத்துக்கொண்டது. நாலு விநாடியில் துண்டித்துவிட்டது. ஆறு தடவை பார்த்தான். ஆறு தடவையும் அதே நாலு விநாடி.

"கதவைத் தொறந்து ஆளப் பாத்துட்டுச் சாத்துற மாதிரில்ல இருக்கு" என்றார் முத்துராமலிங்கம்.

லைன் கோளாறென்றால் ஒவ்வொரு தடவையும் அதே நாலாவது விநாடியில் அறுந்துபோகாது. சத்தியநேசன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சுவரில் தினசரிக் காலண்டர் ஆடி பதினைந்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவன் சட்டென்று லேப்டாப்பின் தேதியைத் திறந்தான். ஜூலை பதினொன்று. ஆனி இருபத்தேழு.

"தேதி தப்பா இருக்கு சார். அதான் சர்வர் சேக்க மாட்டேங்குது."

முத்துராமலிங்கம் ஒரு கணம் பேகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அதுவா? நேத்து புதுசா ஒரு கேன்டீன் பதிவு தொடங்குனோம். ஆடியில எதையும் தொடங்கக் கூடாதுன்னு முதலாளியம்மா ஒத்தக்கால்ல நிக்காக. சரி, ஆனியில தொடங்குனதா இருக்கட்டும்னு தேதியத் திருப்பினோம். இந்தப் புள்ள திருப்பி வைக்க மறந்துட்டா." வாசலில் யாரோ கூப்பிடவே வெளியே போனார்.

ஆடியில் எதையும் தொடங்காதவர்கள் நிறைந்த ஊர்தான் அது. நம்பியிருக்கலாம். ஆனால் அனுப்பக் காத்திருக்கும் பதிவுகளைப் பார்ப்பது அவன் வழக்கம். பார்த்தான். கேன்டீன் எதுவும் இல்லை. லேப்டாப்பின் தேதிதான் பதிவிலும் விழும். திருப்பிய தேதியில் ஒரே ஒரு பதிவு. ஏசம்மாள், ஜூலை பத்தாம் தேதி தானாகவே வேலையிலிருந்து விலகிக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் பெயரில் வருகையே இல்லை.

பத்தாம் தேதி விலகியவளுக்கு இருபத்தொன்றாம் தேதி மில்லில் எப்படி விரல் போகும்?

"நான் மறக்கல சார்" என்றாள் பேகம். திரையைப் பார்த்தபடியே, மிக மெதுவாக. "பதியச் சொன்னாக, பதிஞ்சேன். தேதியத் திருப்பி வைக்கல. ரெஜிஸ்டர்ல இருபத்தொண்ணு வரைக்கும் அந்தக்கா கையெழுத்து இருக்கு. இன்னைக்கு இது போகலன்னா அதத்தான் கொண்டுபோகணும். நீங்க லைன் கோளாறுன்னு எழுதிட்டுப் போயிருங்க சார். அம்புட்டுதான்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. காலண்டர் தாள் படபடத்தது. மணி நாலரை.

முத்துராமலிங்கம் திரும்பி வந்து அவன் தோளில் கை வைத்தார். "ஒங்க எம்.டி. கூட இப்பத்தான் பேசுனேன். பையன் கெட்டிக்காரன், இன்னும் பெர்மனன்ட் ஆக்காம என்ன செய்யுதியன்னு கேட்டேன். என்ன, முடிஞ்சுதா?"

தோளிலிருந்த கை எடுபடவில்லை. சத்தியநேசன் பேகத்தின் பக்கம் திரும்பவில்லை. ஜூலை முப்பத்தொன்று என்று தேதியை மாற்றினான். டயல் செய்தான். மோடம் கீச்சிட்டது. நாலு விநாடி கடந்தது. பத்து கடந்தது. பதிவுகள் ஒவ்வொன்றாக ஏறின. சென்னை சர்வர் ஆறு தடவை உள்ளே விட மறுத்ததை அவன் ஏழாவது தடவையில் ஏற்றிவிட்டான்.

சர்வீஸ் ரிப்போர்ட்டில் "கோளாறு" என்ற இடத்துக்கு எதிரே அவன் பேனா சற்று நேரம் நின்றது. பிறகு "டெலிபோன் லைன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். பேகம் சொல்லிக்கொடுத்த வார்த்தைதான். மேனேஜர் வாங்கிப் படித்துவிட்டு, "கெட்டிக்காரன்னு சும்மாவா சொன்னேன்?" என்றார்.

வாசலில் ஏசம்மாள் எழுந்து நின்றிருந்தாள்.

"சரியாயிட்டா தம்பி?"

"சரியாயிட்டுக்கா."

"என் பேரு போயிட்டா?"

"போயிட்டு."

"ஸ்தோத்திரம்" என்றாள். கட்டுப் போட்ட கையையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

தொழிலாளர் ஆபீசில் நடந்த விசாரணையில், அவள் பத்தாம் தேதியே விலகிவிட்டதாகச் சாப்ட்வேர் கம்பெனி எழுதிக் கொடுத்தது. லேப்டாப்பில் அன்று லைனைத் தவிர வேறு கோளாறு இல்லை என்பதற்கு சத்தியநேசனின் ரிப்போர்ட்டை இணைத்திருந்தார்கள். ரெஜிஸ்டரைக் கரையான் அரித்துவிட்டது என்றது மில். ஏசம்மாளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. செட்டியார்பட்டியில் இடது கையால் கீரை கட்டி விற்றாள். மெகராஜ் பேகத்தை ஆகஸ்டிலேயே நிறுத்திவிட்டார்கள். வேறு எந்த மில்லிலும் அவளைச் சேர்க்கவில்லை. முத்துராமலிங்கம் அதே நாற்காலியில் இருந்தார். சத்தியநேசனுக்கு அக்டோபரில் வேலை நிரந்தரமானது. லேப்டாப்பை மறு வருஷம் மாற்றினார்கள்.