இன்ஷூரன்ஸ் கல்யாணம்

கண்புரை வந்தபோது என் கண்ணுக்கு முதலில் மாறியது வானம்தான். நான் நாடகங்களுக்குத் திரை வரைகிறவள். டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் மேடைக்கு மேகம் வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வசந்தத்தில் நான் வரைந்ததைப் பார்த்த இயக்குநர், "மாரிபெல், இது வானமா, சாய வாளியா?" என்றார். எனக்கோ அது இளமஞ்சள் படிந்த சாதுவான வானமாகத் தெரிந்தது. புரை நீலத்தைத் தின்றுகொண்டிருந்தது. நான் ஈடுகட்ட அள்ளி அள்ளிப் பூசியிருக்கிறேன்.

உண்மையைச் சொன்னால் அந்த மங்கல் அழகாகத்தான் இருந்தது. தெருவிளக்குகள் ஆளுக்கொரு வளையம் போட்டுக்கொண்டு மிதந்தன. ஆற்றங்கரை மரங்கள் கரைந்து தண்ணீரோடு போயின. ஆனால் அழகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அடுப்பு எரியாதே. கண் போனால் என் பிழைப்பும் போச்சு.

அறுவை சிகிச்சை சின்னது; செலவுதான் யானை விலை. இன்ஷூரன்ஸ் தேடினேன். சொந்தமாகத் தொழில் செய்கிறவர்களிடம் அடுத்த வருடம் எவ்வளவு சம்பாதிப்பாய் என்று கேட்பார்கள். எனக்கு அடுத்த மாதமே கனவு. நேர்மையாகக் குறைத்துச் சொன்னேன், அங்கேதான் கோட்டைவிட்டேன். டெக்சாஸில் ஓரளவு ஏழைக்குத்தான் மானியம், ரொம்ப ஏழைக்குக் கிடையாது. "கொஞ்சம் கூடுதலா சம்பாதிக்கப் பாருங்களேன்" என்று தொலைபேசியில் ஒரு பெண் கெஞ்சாத குறையாகச் சொன்னாள். "கண்ணைக் குடுங்க, சம்பாதிக்கிறேன்" என்று வைத்துவிட்டேன்.

எங்கள் கலைஞர் கூட்டத்தில் இதற்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு: இன்ஷூரன்ஸ் இருக்கிறவரைக் கட்டிக்கொள்வது. செல்லோ வாசிக்கும் தோழி ஒருத்தி தன் கடைவாய்ப் பல்லுக்காகவே ஒரு கணக்கு வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள். அன்று விழுந்து விழுந்து சிரித்தவள் நான்.

நான் குடியிருந்தது லாலோ வீட்டில், பின்னறையில். லாலோ நகரப் பேருந்து ஓட்டுகிறவன், மனைவி பிரிந்துபோய் வெகுகாலம் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்பகோவா இறைச்சியை டார்டியா ரொட்டியில் சுருட்டிக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி சொன்னான்.

"என்னைக் கட்டிக்கோ, ஓவியரே. டிப்போவுல பொண்டாட்டிக்கும் சேர்த்துதான் இன்ஷூரன்ஸ். அது சும்மா கெடக்கு."

"இதுவா பொண்ணு கேக்குற லட்சணம்?"

"பொண்ணா கேட்டேன்? உன் கண்ணுக்குத்தானே கேட்டேன்."

சுருக்கென்றது. ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

டிப்போவில் பெயர் சேர்க்கக் கடைசி நாள் வரும்வரை இழுத்தடித்தேன். உரிமம் வாங்கிக் கல்யாணம் செய்ய மூன்று நாள் காத்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் மாநிலத்தில் வேறொரு வழியும் உண்டு. ஏற்கெனவே கணவன் மனைவியாகத்தான் வாழ்கிறோம் என்று இருவரும் கவுண்டி எனும் மாவட்ட அலுவலகத்தில் சத்தியம் செய்தால் அதுவே கல்யாணம்.

"பொய்ச் சத்தியம் பண்ணணுமே லாலோ" என்றேன் வண்டியில்.

"என்ன பொய்? ஒரே வீட்டுலதானே இருக்கோம். பார்பகோவா கடைக்காரம்மா உன்னை என் பொண்டாட்டின்னுதான் விசாரிக்குது. ஒரு தடவையாவது இல்லன்னு சொன்னியா?"

"வாய் நிறைய டாக்கோ இருந்துச்சு."

"வாராவாரமுமா?"

அலுவலகத்தில் வெளிச்சம் பால் கொட்டியதுபோல் பரவிக் கிடந்தது. எழுத்தர் அம்மாவின் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"ரெண்டு பேரும் வலது கையைத் தூக்குங்க. எந்தத் தேதியிலேருந்து நீங்க புருஷன் பொண்டாட்டி?"

இதை நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவே இல்லை. வாய்க்கு வந்த ஒரு தேதியைச் சொல்லப் போனேன். லாலோ முந்திக்கொண்டான்.

"போன நவம்பர் ரெண்டு. இறந்தவங்க நாள். எங்கம்மா படத்துக்குப் பூ வெச்சுக்கிட்டிருந்தேன். இவ வந்து படத்துக்கு முன்னால ஒரு கப் காப்பி வெச்சா, சர்க்கரை போடாம. அம்மா அப்படித்தான் குடிப்பாங்கன்னு எப்பவோ ஒருநாள் சொல்லியிருந்தேன்."

"தேதி மட்டும் போதும் சார்."

என் கை தானாக இறங்கிவிட்டது. அப்படியானால் இங்கே பொய் சொல்லப்போவது நான் ஒருத்திதான். எனக்குக் கண் வேண்டும், சத்தியமாக வேண்டும். ஆனால் அதற்காக இவனிடம் பொய் சொல்ல என்னால் முடியாது.

"மேடம், அந்தத் தேதி சரிதானே?"

"இல்ல" என்றேன்.

லாலோவின் தலை கவிழ்ந்தது அந்த மங்கலிலும் தெரிந்தது.

"அது தப்பு. அதுக்கு முன்னாடியே, போன செப்டம்பர் பதினாலு."

"அன்னிக்கு என்ன?" என்றான் மெதுவாக.

"ஒண்ணுமில்ல. ஊருக்குள்ள ஒரு அறை கெடைச்சுது. வரையறதுக்கு ஏத்த வடக்கு வெளிச்சம், வாடகையும் கம்மி. வேண்டாம்னு போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

எழுத்தர் அம்மா பெருமூச்சு விட்டாள். "ரெண்டு பேரும் ஒரே தேதியா சொல்லுங்கப்பா."

"அவ சொன்னதையே போடுங்க" என்றான் லாலோ.