தலை திரும்பிய பொம்மை

எண்பதாம் ஆண்டு, கப்பலில் இருந்து நாலு மாத லீவில் வந்த சரீப், ஒரு பெட்டி பிளாஸ்டிக் கட்டைகளையும் சின்னச் சினிமாக் கமெரா ஒன்றையும் ஓர்ஸ் ஹில் வீட்டு மேசையில் பரப்பினான். மனைவி றம்லாவுக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. முப்பத்தைந்து வயது மனிசனுக்கு விளையாட்டுச் சாமான் எதற்கு?

நீலக் கட்டைகள் கடலாம். சிவப்பு, கப்பலாம். சரீப் கப்பலை ஒரு அரிசியளவு தள்ளுவான், கமெராவை ஒருதரம் அமத்துவான், திரும்ப வந்து தள்ளுவான். காலையில் தொடங்கியவன் பின்னேரம் நிமிர்ந்தபோது கப்பல் ஒரு சாண்கூடப் போயிருக்கவில்லை.

"நீங்க தள்ளினாத்தானே போகுது?" என்றாள் றம்லா.

"படத்தில நான் தெரியமாட்டன். ஒவ்வொரு படமா எடுத்ததை ஓடவிட்டா, அது தன்பாட்டில போகும்."

அதைக் கேட்டு அவள் இன்னும் குழம்பினாள். "கரையில நிக்கிற பொம்மை ஆரு?"

"நீதான். கப்பல் மறையுமட்டும் பாத்துக்கொண்டு நிக்கிறாய். நெசத்தில நான் போகேக்க ஒருநாளும் பாத்ததில்லையே, முகத்தைத் திருப்பிக்கொண்டுதானே நிப்பாய். படத்திலயாவது பாரு." பிறகு குரலை இறுக்கினான். "இருக்கிறது ஒரே ஒரு படச்சுருள். ஒண்டையும் இடம் அசைச்சிராத."

றம்லாவுக்குச் சுருக்கென்றது. அழுகிற முகத்தை ஊருக்குக் காட்டவா முடியும்? அதை அவனுக்கும் அவள் சொன்னதில்லை.

மதியம் லுஹர் தொழுகைக்கும் பின்னேரம் அஸர் தொழுகைக்கும் அவன் பள்ளிவாசலுக்குப் போவான். அவள் அதே அறையில் தொழுகைப் பாயை விரிப்பாள். கண்ணும் வாயும் வைத்த அந்தப் பொம்மை முகம் நேரே அவளையே பார்க்கும். உருவம் பார்த்துக்கொண்டிருக்க எப்படித் தொழுவது? சுவரில் தொங்கும் போட்டோவுக்குப் போடுவதுபோல் சீலை போட்டால் கட்டைகள் சரிந்துவிடும். தலையை மட்டும் விரலால் திருகிப் பார்த்தாள், திரும்பியது. இடம் அசையவில்லை, அவன் சொல்லை மீறவுமில்லை. தொழுது முடித்துத் திருப்பி வைப்பாள். பல நாள் அடுப்பில் கறி கொதிக்கிற ஞாபகத்தில் மறந்துபோவாள். சரீபுக்குக் கண்ணெல்லாம் கப்பலில்.

அவன் கப்பலேற இரண்டு நாள் இருக்கையில், கழுவ அனுப்பிய சுருள் தபாலில் வந்தது. கையால் சுழற்றிப் படம் பார்க்கும் சின்னப் பெட்டிக்குள் போட்டு, இருவரும் தலையை ஒட்டவைத்துப் பார்த்தார்கள். அல்லாஹ்வே, கப்பல் தன்பாட்டில் போனது! றம்லாவுக்கு உடம்பு சிலிர்த்தது.

படத்தில் கரையில் நின்றவள் பார்த்தாள். சட்டென்று முகத்தைத் திருப்பினாள். பார்த்தாள், மறுபடி திருப்பினாள். கப்பல் மறையும்போது முதுகுப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சரீப் பின்னுக்குச் சுழற்றித் திரும்பவும் பார்த்தான். "படத்திலயுமா?" என்றான்.

"அல்லாஹ் மேல ஆணையா, தொழுகைக்குத்தான் திருப்பினனான்."

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, ஆற்றாமையும் வந்தது. "தொழுது முடிஞ்சா திருப்பி வைக்க ஏலாதா?"

மறந்ததா, மனம் வராததா? அவளுக்கே இப்போது தெரியவில்லை.

போகிற நாளில் அவள் துறைமுகத்துக்கு வந்தாள். லோஞ் படகு அவனை ஏற்றிக்கொண்டு கப்பலை நோக்கிப் புறப்பட்டது. ஊர் பார்த்தால் பார்க்கட்டும் என்று, வழிந்த கண்ணீரைத் துடைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். சரீப் அந்த முகத்தைக் கண்டான்.

இந்தமுறை அவன்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.