பல் டாக்டரின் சுவரில் விடியல்

கண்காட்சியில் அந்த ஓவியத்தின் முன்னால் நின்றவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஆள் உயரத் துணியில் இளஞ்சிவப்பும் ரத்தச் சிவப்பும் குழைந்து இறங்க, கீழே வெள்ளையாகச் சில திட்டுகள். விடியலையே பிடித்து வைத்திருக்கிறார் என்று ஒரு விமர்சகர் எழுதினார். ஓவியருக்குக் கொஞ்ச நாள் கால் தரையில் பாவவில்லை.

படத்தை வாங்கியவர் அவருடைய அக்கா வீட்டுக்காரர். அக்கா வாங்க வைத்தாள் என்பதே சரி. அவர் பல் டாக்டர். வீட்டில் அவ்வளவு பெரிய சுவர் இல்லை. அதனால் படம் கிளினிக்கில், காத்திருப்பவர்களின் நாற்காலிகளுக்கு நேர் எதிரே ஏறியது.

அன்றிலிருந்து நோயாளிகள் நழுவத் தொடங்கினார்கள். வண்டியைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று போனவர் வரவேயில்லை. ஒரு அம்மாள் வலியே இல்லை என்று சாதித்தாள். டோக்கன் கொடுக்கும் பெண்தான் விஷயத்தை டாக்டரிடம் போட்டு உடைத்தாள். படத்தைக் கழற்றலாமா என்று அவர் வீட்டில் பேச்செடுத்தார். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். மீதியை அவர் விழுங்கிக்கொண்டார்.

சேதி தம்பியின் காதுக்கும் போயிற்று. ரசனை கெட்ட ஜனங்கள் என்று பொருமியபடி, ஒரு காலையில் வந்து நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்தார். மருந்து நெடி. உள்ளே பல்லைக் குடையும் மெஷினின் கீச்சொலி. பக்கத்தில் வீங்கிய கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஒரு லாரி டிரைவர். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெல்ல ஓவியர் பக்கம் சாய்ந்தார்.

"இது யாரோட வாயிங்க? பாவம், கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்."

ஓவியர் விடியலைத் தேடினார். எங்கு பார்த்தாலும் ஈறுதான் தெரிந்தது. அவர் நாக்கு தானாகவே கடைவாய்ப் பல்லைத் தடவிப் பார்த்தது.

வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டார். "படத்த நானே எடுத்துக்கறேன்க்கா. மாமா மேல தப்பில்ல."

"அப்ப படத்து மேலயா?"

"அதுமேலயும் இல்ல. அந்த நாற்காலியில உக்காந்து பாக்காம மாட்ட விட்டது என் தப்பு."

சிவப்புப் படம் ஒரு துணிக்கடைக்குப் போனது. அங்கே அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். ஓவியரோ அதே காத்திருப்பு அறையில் பல காலைகள் உட்கார்ந்துவிட்டு, மங்கிய நீலத்தில் வேறொன்று வரைந்து மாட்டினார். இப்போது யாரும் ஓடுவதில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்திருப்பதுமில்லை. அப்படியொரு தூக்கம். டோக்கன் பெண் ஒவ்வொருவராகத் தட்டி எழுப்புகிறாள்.

டாக்டருக்கு அதில் குறையே கிடையாது.

"வாயத் திறந்துக்கிட்டே தூங்கறாங்க மச்சான். எனக்குப் பாதி வேலை மிச்சம்."