பதில் போடுகிறவர்

ஆயுசுக்கும் சொட்டு மருந்து விட வேண்டும் என்று கண் டாக்டர் சொன்னதிலேயே கடிகாரக்காரருக்குச் சலிப்புத் தட்டிவிட்டது. மருந்தை நிறுத்திவிட்டு வெறும் பயிற்சியிலேயே கண்ணழுத்தத்தைக் குணமாக்கிக்கொண்டதாக யாரோ இணையத்தில் எழுதியிருந்ததை நம்பி, அவரும் நிறுத்திப் பதினோரு நாளாகியிருந்தது.

அன்று காலை, மேசையின் இடது ஓரத்தில் வைத்த திருப்புளி அவர் கண்ணில் படவேயில்லை. கைதான் தடவி எடுத்தது. அந்த இணையப் பக்கத்திலேயே எழுதிக் கேட்டார்: "ஓரம் மங்குகிறதே, என்ன செய்ய?"

எழுதியவரின் பெயரிலேயே உடனே பதில் வந்தது. "மங்கல் நல்ல அறிகுறி ஐயா. தொடருங்கள்."

மனசு குளிர்ந்துபோய் மனைவியிடம் போனைக் காட்டினார். அவள் திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனவள், ஓரிடத்தில் நின்றாள்.

"என்னங்க, இதைப் படிச்சீங்களா?"

அவளே படித்தாள். "இதை எழுதியவரின் மகள் நான். அப்பாவுக்குப் பார்வை முழுக்கப் போய், போன வருஷம் அவரும் போய்விட்டார். யாரும் மருந்தை நிறுத்தாதீர்கள்."

அதற்கடியில், அந்த அப்பாவின் பெயரில்: "மங்கல் நல்ல அறிகுறி அம்மா. தொடருங்கள்."

"அப்ப இப்ப எனக்கு எழுதினது யாரு?"

"தானா வர்ற பதிலா இருக்கும்," என்றாள். குரல் இறங்கியிருந்தது.

கடையைப் பூட்டிவிட்டு டாக்டரிடம் ஓடினார்கள்.

"ஓரத்துல போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாத்திக்கலாம்," என்றார் டாக்டர்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மனைவி அதே பக்கத்தில் அந்த மகளுக்கு எழுதினாள். "உன்னாலதான் மறுபடி மருந்து விடறோம்மா."

மகள் பதில் போடவில்லை. அப்பா போட்டார்.