வசிப்போர் எண்ணிக்கை

கொழுந்தன் வீட்டைவிட்டுப் போய்ப் பதினாறு மாதம் கழித்து அந்த பில் வந்தது. வழக்கமாக ஒரு பக்கம் வரும். இது நான்கு பக்கம். மீட்டர் பெட்டியின் சாவி தொலைந்துபோனதால் இத்தனை நாளும் உத்தேசமாகத்தான் கணக்கிட்டு வந்தோம், இப்போது பூட்டை உடைத்துப் பார்த்ததில் நிஜ அளவு அதைப்போல் இரண்டு மடங்கு இருக்கிறது, பதினாறு மாத வித்தியாசத்தையும் முப்பது நாளுக்குள் கட்ட வேண்டும் என்று மின்சார அலுவலகம் எழுதியிருந்தது. தொகை அவளுடைய மூன்று மாதச் சம்பளம்.

தலை சுற்றியது உண்மைதான். ஆனால் அதைவிடக் கோபம்தான் பெரிதாக வந்தது. அந்த பில் சரி என்றால், கொழுந்தனைத் துரத்தியது தவறு என்று ஆகிவிடும்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் கணக்கு எழுதுகிறவள் அவள். வீட்டுக்கும் தனியாக ஒரு நோட்டுப் போட்டிருந்ததால் அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து அவளுக்கு ஆடிட்டர் என்று பேர் வைத்திருந்தார்கள். அவள் கல்யாணமாகி வந்தபோதே கொழுந்தன் பின்னறையில் இருந்தான். பழைய ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் ரிப்பேர் பார்ப்பது அவன் பிழைப்பு. பில் ஏற ஏற அவள் கண் அந்த அறைமேலேயே இருந்தது. முதலில் காற்றுவாக்கில் சொன்னாள். பிறகு ஜாடைமாடையாக. பிறகு ஒவ்வொரு பில்லையும் அவன் கதவிலேயே ஒட்டினாள். அவன் சிரித்து மழுப்பிவிடுவான்.

"ஆடிட்டர் அண்ணி, நான் கொட்டாவி விட்டாக்கூட மீட்டர் ஓடுதான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்பான்.

ஒருநாள் அவன் வேலையாக இருக்கும்போதே பின்னறையின் ஃபியூஸைக் கழற்றிவிட்டாள். அன்று அவன் சிரிக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் இரண்டு பெட்டியும் ஒரு சாக்கு மூட்டையுமாகக் கிளம்பிவிட்டான். பஸ் டிரைவரான கணவர் வாசல்வரை போய் மூட்டையைத் தூக்கிக் கொடுத்தார். இரு என்று சொல்லவில்லை. சொல்லாதது யாருக்குப் பயந்து என்று அவளுக்குத் தெரியும்.

அதற்கடுத்த பில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பழையதையும் புதியதையும் மேசைமேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கணவருக்குக் காட்டினாள். அவர் இரண்டையும் பார்த்துவிட்டுச் "சரி" என்றார். அப்புறம் தம்பி பேச்சையே எடுக்கவில்லை. சாப்பிடும்போது மட்டும், பின்னறைக் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார ஆரம்பித்தார்.

இப்போது பார்த்தால், ஆள் போன பிறகும் செலவு கொஞ்சமும் குறையவில்லை என்கிறது இந்த பில். அது எப்படி முடியும்?

கடையில் அரைநாள் லீவு போட்டுவிட்டு, நோட்டோடு மின்சார அலுவலகத்துக்குப் போனாள். புகார்ப் பிரிவில் இருந்த அம்மாள் பொறுமைசாலி. நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, இப்படி எழுத ஒரு ஆள் தன் வீட்டில் இருந்தால் தன் வீட்டுக்காரர் என்றைக்கோ ஓடியிருப்பார் என்றாள். ஆள் குறைந்தது உண்மை என்றால், போனவரே தேதி போட்டு எழுதிக் கையெழுத்துக் கொடுக்கட்டும், வாயால் சொன்னதை ஃபைலில் ஒட்ட முடியாது என்றும் சொன்னாள்.

கடிதத்தை அவளே எழுதினாள், மூன்று தடவை திருத்தி. 'எனது தொழிலுக்கு அதிக மின்சாரம் தேவைப்பட்டு, அதனால் குடும்பத்துக்குச் சிரமம் ஏற்பட்டபடியால்' என்று ஒரு வரி சேர்த்தாள். காரணம் இருந்தால்தான் கடிதத்துக்கு வலு என்று நினைத்தாள்.

கொழுந்தன் ஒரு அச்சகத்து மாடியில் இன்னும் மூன்று பேரோடு அறை எடுத்துத் தங்கியிருந்தான். அவளைப் படியில் பார்த்ததும் அண்ணனுக்கு உடம்புக்கு ஏதாவதா என்றுதான் முதலில் கேட்டான். இல்லை என்று தெரிந்ததும் கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தான். அந்த வரிக்கு வந்தபோது ஒரு கணம் நிறுத்தினான், அல்லது நிறுத்தியதாக அவளுக்குத் தோன்றியது. பிறகு சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டான்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்கு அண்ணி. என்னைப் பத்தி இவ்வளவு அழகா யாரும் எழுதினதில்ல."

அவளும் சிரித்தாள். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பத்து நாள் கழித்துப் பரிசோதகர் வந்தார். மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, வீட்டு மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னார். கணவர் போய் அணைத்தார். வீடு அடங்கியது. மீட்டர் அடங்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. பரிசோதகர் டார்ச் அடித்து, மீட்டரிலிருந்து மெயினுக்கு வரும் வழியிலேயே பிரிந்து சுவருக்குள் போகிற ஒரு வயரைக் கண்டுபிடித்தார். அது பின்பக்கத் தண்ணீர் மோட்டாருக்குப் போனது. அந்தக் கட்டடத்தின் எட்டு வீட்டுத் தொட்டிக்கும் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார். எந்தக் காலத்திலோ புது மோட்டார் மாட்டியவன் கைக்கு எட்டிய இடத்தில் முடிச்சுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

"கட்டடத்துக்கே தண்ணி தானம் பண்ணியிருக்கீங்க" என்றார் பரிசோதகர். இந்த பில் செல்லாது, பழைய வருடங்களுக்குக் கட்டியதிலேயே உங்களுக்குத்தான் பணம் திரும்பி வரும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு வந்தாள். கணவர் இன்னும் படிக்குக் கீழேயே நின்றிருந்தார்.

"மோட்டார் அப்பவும் ஓடுச்சு, இப்பவும் ஓடுது. அப்ப அவன் போனதும் பில்லு எப்படிக் குறைஞ்சுது?" என்று கேட்டார்.

உத்தரவுக் கடிதம் வாங்கப் போன அன்று புகார்ப் பிரிவு அம்மாளிடம் அதையே கேட்டாள். அந்த அம்மாள் ஃபைலின் அடியிலிருந்து, மீட்டர் பார்க்க முடியாத வீடுகளுக்கு அவர்கள் அனுப்புகிற மஞ்சள் அட்டை ஒன்றை உருவி எடுத்தாள். வசிப்போர் எண்ணிக்கை: மூன்று அடிக்கப்பட்டு, இரண்டு. அவளுடைய முத்து முத்தான கையெழுத்துதான். கொழுந்தன் போன மறுநாளே நிரப்பி அனுப்பிவிட்டு மறந்திருந்தாள்.

"பெட்டியைத் திறக்க முடியல. நீங்க ரெண்டு பேர்தான்னு எழுதியிருந்தீங்க. ரெண்டு பேருக்கு வழக்கமா எவ்வளவோ அதைப் போட்டோம்."

ஆக, பில் குறைந்தது அவன் போனதால் அல்ல. அவன் போனான் என்று அவள் எழுதியதால். மேசைமேல் வைத்துக் காட்டியது தன்னுடைய கையெழுத்தையேதான் என்று அவளுக்கு அங்கேயே விளங்கியது.

கொழுந்தனின் கடிதத்தைத் திருப்பித் தர முடியுமா, அதில் ஒரு வரி நிஜமில்லை என்று கேட்டாள். ஃபைல் மூடியாயிற்று என்றாள் அந்த அம்மாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்களுக்குத் தேதிதாம்மா வேணும். காரணத்தை இங்க யாரும் படிக்கல" என்று ஆறுதலாகச் சொன்னாள்.

படித்தவன் ஒருவன்தான்.

அன்று மாலையே அச்சகத்து மாடிக்குப் போனாள். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனவள், அங்கே போனதும் மோட்டார், வயர், அட்டை எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகக் கொட்டினாள். அவன் கேட்டு முடித்ததும், தன் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை எங்கே வைப்பது என்று தெரியாதவன் போலக் கொஞ்ச நேரம் வைத்திருந்தான்.

"நான்தான்னு நானே நம்பிட்டேன் அண்ணி" என்றான். "இங்க வரும்போதே, நான் கரண்டு நிறைய இழுக்கற ஆளுன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். மாசாமாசம் ரெண்டு பங்கு குடுக்கறேன். பெரிய ஆம்ப்ளிஃபயர் வேலையெல்லாம் எடுக்கறதே இல்ல."

"இனிமே குடுக்காத தம்பி. இவங்ககிட்ட நான் வந்து சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவீங்க?"

அவள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"வீட்டுக்கு வந்துடு. அண்ணன் உன் ரூமைத் துடைச்சு வெச்சிருக்கார்" என்றாள் கடைசியில். அது நிஜம்தான், அன்று காலையில்தான் துடைத்திருந்தார்.

அவன் மறுக்கவில்லை. அண்ணனிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்றான். பார்த்துவிட்டுப் போகிறேன் என்றுதான் சொன்னான். அவள் அதைக் கவனித்தாள், திருத்தச் சொல்லவில்லை. இருட்டிவிட்டதே என்று படிக்கட்டு விளக்கைப் போட்டு, அவள் தெருவில் இறங்கும்வரை மேலேயே நின்றான். அவள் செருப்பு மண்ணைத் தொட்டதும் விளக்கு அணைந்தது.